ஐந்து தோட்டா, ஒரு கிலோ இரும்பு

மூன்றாவது தடவை சுட்டதும் நண்பர் ரிவால்வரைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கையை உதறினார். "கை போச்சுப்பா" என்றார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை சிவந்து தடித்திருந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி எடுத்து டிரிகரை இழுத்தால் அது நகரவே இல்லை. தோட்டா வைக்கும் அறைகளோடு சுழலும் உருளை, அதாவது சிலிண்டர், இறுகிப் போய் நின்றுவிட்டது.

இது ஹூஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, தெரிந்தவர் ஒருவரின் பண்ணையில். நண்பருக்கு வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு ரிவால்வர் வேண்டும், வெளியே போகும்போது சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போகவும் அதுவே உதவ வேண்டும். டெக்ஸஸில் 2021-லிருந்து, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத பெரும்பாலான பெரியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியைக் கூடவே எடுத்துப் போகலாம், அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்போது இதுதான் நிலைமை. (நம்மூரில் லைசென்ஸ் கிடைத்தவர்களிடம் இருக்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32 தான்.) வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிதாகவே வாங்கிவிடுவோம் என்பது அவர் கணக்கு. எடையும் குறைவாக இருக்க வேண்டுமாம். பண்ணைக்காரரிடம் அப்படி ஒன்று இருந்தது, இலகு உலோகத்தில் செய்த .44 மேக்னம், அதாவது அதிக அழுத்தத் தோட்டா சுடும் ரிவால்வர். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, பிரச்சினை நியூட்டனிடமிருந்து வருகிறது.

முதலில் இந்த .44 என்ற எண்ணைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது கொஞ்சம் பொய். அங்குலத்தில் 0.44 என்று அர்த்தம், ஆனால் தோட்டாவின் நுனியிலிருந்து பறந்து போகும் குண்டின் விட்டம் 0.429 அங்குலம்தான், அதாவது 10.9 மி.மீ. .38 ஸ்பெஷல் என்ற தோட்டா இன்னும் மோசம், அதன் குண்டு 0.357 அங்குலம். 1935-ல் வந்த .357 மேக்னமும் அதே விட்டம்தான், பெயர் வைத்தவர்கள் அந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிட்டார்கள். ஆக .38-லிருந்து .44-க்குப் போனால் குண்டின் விட்டம் கூடுவது இரண்டு மி.மீ.க்கும் குறைவு. எடைதான் சட்டென்று ஏறுகிறது: .38-ன் பழைய வழக்கமான குண்டு சுமார் 10 கிராம், .44-ல் அது 16 கிராம் வரை போகும்.

இதை முன்னால் தள்ளினால் துப்பாக்கி பின்னால் வரும், அது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். நிறையப் பேர் தவறவிடுவது அடுத்த படியை. முன்னால் போகும் உந்தமும் பின்னால் வரும் உந்தமும் சமம், சரி. ஆனால் கை உணர்வது உந்தத்தை மட்டுமல்ல, துப்பாக்கி எவ்வளவு வேகத்தில் வந்து இடிக்கிறது என்பதையும்தான். எடையைப் பாதியாக்கினால் அந்த வேகம் இரண்டு மடங்காகும், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கடைசிக் கணக்கில் உதையின் ஆற்றலும் இரண்டு மடங்கு.

நான் போட்ட கணக்கு இது, தோராயமானதுதான். இரண்டு அங்குலக் குழல் உள்ள இரும்பு .38, தோட்டாவோடு 620 கிராம் இருக்கும். குண்டின் உந்தம், பின்னாலேயே பீறிடும் வாயுவின் உந்தம் இரண்டையும் சேர்த்தால் உதை ஏறக்குறைய 5 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை அரை மீட்டர் உயரத்திலிருந்து உள்ளங்கையில் போட்டதற்குச் சமம். .44 ஸ்பெஷல் சுடும் சின்ன ரிவால்வர், தோட்டாவோடு 680 கிராம், 10 ஜூல். பொட்டலம் இப்போது ஒரு மீட்டரிலிருந்து விழுகிறது. அடுத்து இலகு எடை .44 மேக்னம். ஸ்மித் அண்ட் வெஸனின் 329பிடி மாதிரி ஸ்கேண்டியம் கலந்த அலுமினியச் சட்டமும் டைட்டானியம் சிலிண்டரும் வைத்தால் காலியாக 710 கிராம்தான் வரும். அதில் முழு வேகத் தோட்டாவைச் சுட்டால் 30 ஜூலைத் தாண்டும், பொட்டலம் மாடியிலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தோட்டாவை 1955-ல் அதற்கென்றே வந்த, ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கனக்கும் பெரிய இரும்பு ரிவால்வரில் சுட்டால் 20 சொச்சம்.

இதில் இன்னொரு சங்கதி. குழல் கைப்பிடிக்குச் சில செ.மீ. மேலே இருக்கிறது, அதனால் உதை நேராகப் பின்னால் வராமல் துப்பாக்கியை மேல்நோக்கிச் சுழற்றுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு மில்லிவினாடிகூட இல்லை, ஆனால் சுழற்சி அதற்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், கனமான மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் தங்குவதால், இலேசான வேகமான குண்டைவிட இலக்கில் கொஞ்சம் மேலே போய்ப் படும். ரிவால்வரின் முன் குறிமுள் அவ்வளவு உயரமாக நிற்பது இதனால்தான். பார்வைக்கோட்டை நேராக வைத்தால் குழல் உண்மையில் லேசாகக் கீழே பார்த்துக்கொண்டிருக்கும், உதை அதைத் தூக்கிச் சரிசெய்கிறது. அதனால் எந்தத் தோட்டாவை வைத்துக்கொள்ளப் போகிறீர்களோ அதே எடைத் தோட்டாவில் பழகாவிட்டால் குறி தப்பும்.

சரி, சிலிண்டர் ஏன் இறுகியது? பண்ணைக்காரர் அதைக் கழற்றிக் காட்டினார். சுடாமல் மீதி இருந்த தோட்டாக்களில் ஒன்றின் குண்டு, பித்தளைக் கூட்டிலிருந்து வெளியே நழுவி, சிலிண்டரின் முன் விளிம்பைத் தாண்டி நகக்கண் அளவு நீட்டிக்கொண்டு நின்றது. சிலிண்டர் திரும்பும்போது அந்த மூக்கு சட்டத்தில் முட்டிவிட்டது. கோடாலித் தலை ஆடினால் காம்பின் அடிப்பக்கத்தைத் தரையில் தட்டுவோமே, காம்பு நின்றுவிடும், தலை மட்டும் தொடர்ந்து இறங்கி இறுகும், அதே விஷயம்தான். ஒவ்வொரு தடவை சுடும்போதும் துப்பாக்கி பித்தளைக் கூட்டைப் பிடித்துச் சடாரென்று பின்னால் இழுக்கிறது, கனமான குண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பித்தளை வாயை நன்றாக மடித்து இறுக்கியிருந்தால் தாங்கும். இவை வீட்டில் நிரப்பிய தோட்டாக்கள், இறுக்கம் போதவில்லை. கனத்த ரிவால்வரில் இதே தோட்டா பிரச்சினை செய்யாமல் போயிருக்கலாம், இலேசானதில் பின்னால் இழுக்கும் வேகம் அதிகம். தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி டிரிகரை இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும் என்பதுதான் ரிவால்வரின் பெரிய நம்பிக்கை. அது பொய்த்துப் போகும் சில இடங்களில் இது ஒன்று.

மேக்னம் என்ற பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். .44 ஸ்பெஷல் 1907-ல் வந்தது. மேக்னம் என்பது அதே குண்டு, கூடு மட்டும் 3 மி.மீ. நீளம். அந்த மூன்று மி.மீ. வெடிமருந்துக்கு இடம் கொடுப்பதற்கு மட்டுமல்ல, பழைய ஸ்பெஷல் துப்பாக்கியில் இது உள்ளே போகக் கூடாது என்பதற்கும்தான், ஏனென்றால் அழுத்தம் அப்படி. பெட்ரோல் பங்கில் கார் டயருக்கு 32 வைக்கச் சொல்கிறோமே, அதே பி.எஸ்.ஐ. அலகில் .44 ஸ்பெஷலுக்கு உச்ச வரம்பு 15,500, மேக்னத்துக்கு 36,000. மறுபக்கமாக, மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷல் தோட்டாவைத் தாராளமாகப் போட்டுச் சுடலாம். இந்தத் தகவல்தான் பிறகு நண்பருக்கு உதவியது.

மேக்னத்தின் முழு வேகத் தோட்டாவில் பெரும்பாலும் மெதுவாக எரியும் மருந்து இருக்கும், நிறையவும் இருக்கும். அது குண்டை நீளமான குழல் முழுக்கத் தள்ளிக்கொண்டே போவதற்காக உண்டாக்கியது. குழலை இரண்டரை அங்குலமாக வெட்டிவிட்டால், குண்டு வெளியேறும்போது மருந்து இன்னும் எரிந்து முடிந்திருக்காது, மீதி வெளிக்காற்றில் தீப்பந்தாக எரிகிறது. உதை பெரிதாகக் குறைவதில்லை, ஏனென்றால் அந்த வாயுவும் முன்னால்தான் பீறிடுகிறது, குண்டின் வேகம் மட்டும் குறைகிறது. அதாவது விலையை முழுசாகக் கொடுத்துவிட்டுப் பாதிச் சரக்கோடு வருகிறோம். ஸ்பெஷலில் மருந்து கொஞ்சம், சீக்கிரம் எரிவது, சின்னக் குழலிலேயே வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். சின்னத் துப்பாக்கியில் பெரிய குண்டு என்றால் மெதுவான பெரிய குண்டுதான் புத்திசாலித்தனம் என்று நான் நினைப்பது இதனால்தான். சார்ட்டர் ஆர்ம்ஸ் கம்பெனி 1973-ல் கொண்டுவந்த புல்டாக் என்ற .44 ஸ்பெஷல் ரிவால்வர் இந்தக் கணக்கில் செய்தது. சில வருஷங்களிலேயே நியூயார்க் தொடர் கொலைகளில் அதன் பெயர் அடிபட்டு வேறு மாதிரிப் பிரபலமானது தனிக் கதை.

புல்டாக்கில் ஐந்து தோட்டாதான். ஏன் ஆறு இல்லை? ஒரே அளவு நாணயங்கள் ஆறை எடுத்து வட்டமாக ஒட்டி வையுங்கள், நடுவில் ஏழாவது நாணயம் கச்சிதமாக உட்காரும். ஒன்றை எடுத்துவிட்டு ஐந்தையும் நெருக்குங்கள், நடு ஓட்டை சுருங்கிவிடும், வட்டமும் சுருங்கும். .44 தோட்டாவின் அடி விளிம்பு 13 மி.மீ. அந்த அளவில் கணக்குப் போட்டால் ஆறு அறைச் சிலிண்டருக்கும் ஐந்து அறைச் சிலிண்டருக்கும் விட்டத்தில் சுமார் 4 மி.மீ. வித்தியாசம் வரும். நாலு மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும், இடுப்பில் செருகிப் பார்த்தால் தெரியும், ரிவால்வரின் மிகத் தடித்த இடமே அதுதான், சட்டைக்கு மேலே புடைப்பதும் அதுதான். ஐந்தில் இன்னொரு ஆதாயமும் உண்டு. சிலிண்டரைச் சரியான இடத்தில் பூட்டி நிறுத்தும் சின்னக் கட்டை அடியில் இருந்து ஒரு பள்ளத்தில் வந்து உட்காரும். அறைகள் ஆறு என்றால், மேலே ஓர் அறை குழலுக்கு நேராக நிற்கும்போது நேர் கீழேயும் ஓர் அறை இருக்கும், ஆகப் பள்ளம் அறைச்சுவர் மிக மெலிந்த இடத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. ஐந்து என்றால் கீழே இரண்டு அறைகளுக்கு நடுவில் தடித்த இரும்பு இருக்கும், பள்ளம் அங்கே போகும். ஒற்றைப்படை எண்ணுக்கு இப்படி ஒரு பலம்.

சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது, ஏ4 தாள் ஒன்றோ இரண்டோ நுழையும் அளவு. சுடும்போது அதன் வழியே சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் கத்தி மாதிரிப் பக்கவாட்டில் பீறிடும். சிலிண்டர் இல்லாத பிஸ்டல்களில் பழகியவர்கள் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடிப்பார்கள், ரிவால்வரில் அப்படிப் பிடித்தால் விரல் போய்விடலாம். நண்பரை அன்று முதல் வேலையாக இதைத்தான் சொல்லித் திருத்தினார்கள்.

வீட்டுக்குள் என்று வரும்போது உதையைவிடச் சத்தமும் சுவரும்தான் பெரிய பிரச்சினை. காதுக்கு ஒரே அடியில் நிரந்தரச் சேதம் வரும் எல்லையை 140 டெசிபல் என்கிறார்கள். மேக்னம் ரிவால்வர் 160-ஐத் தாண்டும், ஒலி அழுத்தத்தில் பத்து மடங்கு, அதுவும் மூடிய அறையில், நள்ளிரவில், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு எதிரே ஒரு தீப்பந்தோடு. சுவர் விஷயம் நம்மூர்க்காரர்களுக்கு உடனே பிடிபடாது, நாம் செங்கல் சுவருக்குப் பழகியவர்கள். அமெரிக்க வீட்டு உள்சுவர் பொதுவாக மரச் சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்தது, நடுவில் வெற்றிடம். 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த அளவுப்படி குண்டு, உடம்புச் சதைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும். அந்த அளவுக்கு ஊடுருவும் எந்தக் குண்டும் இரண்டு மூன்று ஜிப்சம் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகும். சுவரில் நின்று, மனிதனில் மட்டும் வேலை செய்யும் குண்டு என்று ஒன்று கிடையாது, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி. நண்பரின் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மகள் தூங்குகிறாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து எந்தக் கோணத்தில் என்ன இருக்கிறது என்று அவர் நடந்து நடந்து பார்த்ததை நான் கவனித்தேன்.

டிரிகர் விஷயம் சுருக்கமாக. சுத்தியலைப் பின்னால் இழுத்து வைக்காமல் நேராகச் சுடும்போது, டிரிகர்தான் சிலிண்டரைத் திருப்பி, பூட்டி, சுத்தியலையும் தூக்கி விடுகிறது, அதனால் சுமார் 5 கிலோ விசை வேண்டும். 600 கிராம் பொருளை 5 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே அசையாமல் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள், இங்கேயும் கனமான துப்பாக்கிதான் ஜெயிக்கிறது. பிஸ்டல்களில் வருவது போன்ற தனிப் பாதுகாப்புப் பொத்தான் பெரும்பாலான ரிவால்வர்களில் கிடையாது, அந்த நீளமான கனமான இழுப்பைத்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், அது ஏழு வயதுக் குழந்தைக்கு இரண்டு கையால் முடியாத வேலை இல்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதையும் அவர் மனைவி அன்று சாப்பாட்டு மேசையில் எடுத்துப் போட்டார். பூட்டுப் பெட்டி முதலில், துப்பாக்கி பிறகு என்று முடிவானது அப்போதுதான்.

கடைசியில் அவர் வாங்கியது எஃகில் செய்த ஐந்து அறை .44 மேக்னம், குழல் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, காலியாக ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. மேக்னம் தோட்டா ஒன்றுகூட வாங்கவில்லை, உள்ளே போடுவது ஸ்பெஷல் மட்டும். கணக்குப் போட்டுக் கொடுத்தேன்: உதை 6 ஜூல் சொச்சம், அந்தச் சின்ன .38-ஐவிடக் கொஞ்சம்தான் அதிகம், போகிற குண்டு மட்டும் ஒன்றரை மடங்கு எடை. மாதம் இரண்டு முறை பழகப் போகிறார், கை வலிப்பதாகச் சொல்லவில்லை. பேன்ட் இறங்குகிறது என்றுதான் சொன்னார், இரட்டைத் தோல் வைத்துத் தைத்த தடி பெல்ட் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார்.