மால்ட் எக்ஸ்ட்ராக்ட்: தமிழில் முளைப்பாகு

வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்குகிறவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு கிட், அதாவது பாகு டப்பாவும் ஈஸ்டும் சேர்ந்த தயார்நிலைத் தொகுப்பு. இரண்டு மூன்று முறை அது ஒழுங்காக வந்துவிட்டால், 'அடுத்து மால்ட் எக்ஸ்ட்ராக்டுக்குப் போய்விடு' என்று யாராவது சொல்வார்கள். கேட்பவருக்கு மலையேறச் சொன்னதுபோல இருக்கும். ஆனால் அவர் இதுவரை திறந்து ஊற்றிய கிட் டப்பாவுக்குள் இருந்ததும் மால்ட் எக்ஸ்ட்ராக்ட்தான். இந்தக் குழப்பத்தில் பாதி, சொல் செய்த வேலை. அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

மால்ட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பாலில் கலக்கும் சத்துப் பானத் தூள். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு சிங்கிள் மால்ட் விஸ்கி. இரண்டுக்கும் என்ன உறவு என்று பலரும் யோசித்திருக்க மாட்டார்கள். உறவு இதுதான்: முளைக்கவிட்டு, சரியான நேரத்தில் உலர்த்தி முளையை நிறுத்திய தானியம். பெரும்பாலும் பார்லி, அதாவது வாற்கோதுமை. கோதுமையிலும் ரை என்ற தானியத்திலும்கூட மால்ட் உண்டு.

பழைய ஆங்கிலத்தில் இது 'மெயல்ட்'. ஜெர்மன் மொழியில் 'மால்ட்ஸ்'. வேர்ச்சொல்லின் பொருள் மென்மை, இளக்கம். உருகுதலைக் குறிக்கும் 'மெல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம். பெயர் வைத்தவர்கள் தானியத்தைக் கடித்துப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். முளைக்காத பார்லி மணி பல்லைப் பதம் பார்க்கும். மால்ட் ஆனபின் அதே மணி பிஸ்கட்போலப் பொடியும், லேசாக இனிக்கும்.

உள்ளே நடப்பது என்னவென்றால், இரண்டு நாள் அளவுக்கு நீரில் விட்டுவிட்டு ஊறிய மணி, பிறகு நான்கைந்து நாளில் முளைவிடுகிறது. வளரப்போகும் பயிருக்குச் சாப்பாடு வேண்டுமே. அதற்காக மணி தன் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளை உண்டாக்கிக்கொள்கிறது. நொதிகள் தயாராகி, மாவுச்சத்து இன்னும் செலவாகாமல் இருக்கும் கட்டத்தில் சூடான காற்றில் உலர்த்திவிடுவார்கள். செடிக்கான சேமிப்பை நாம் பறித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். 1833இல் பாயன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இந்த மால்ட்டிலிருந்துதான் நொதி ஒன்றைப் பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். இன்று லாக்டேஸ், அமிலேஸ் என்று நொதிப் பெயர்கள் 'ஏஸ்' என்று முடிவது அந்தப் பெயரைப் பின்பற்றித்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதிகளில் 'மாவூறல்' என்று ஒரு சொல் உண்டு. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. மால்ட் மாவும் இல்லை, ஊறிக்கொண்டிருக்கும் பொருளும் இல்லை; உலர்ந்த முழு மணி. அதைவிடப் பெரிய தொல்லை, 'ஊறல்' என்றால் நம் காதில் விழுவது சாராய ஊறல், அதாவது ஏற்கெனவே புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கும் கலவை. மால்ட் அந்தக் கட்டத்துக்கு ரொம்ப முன்னாலேயே நிற்கிறது. செயலின் உயிர் முளைப்பதில் இருக்கும்போது சொல்லும் அங்கிருந்து வருவதுதான் நியாயம். பெரும்பாணாற்றுப்படையில், ஆறவைத்த அரிசிக் கூழில் 'நல்லடை'யைக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விளையவிட்ட கள் ஒன்று வருகிறது. அந்த அடையை முளையை இடித்துச் சேர்த்தது என்று உரை சொல்கிறது. வெந்த மாவுச்சத்தை இனிப்பாக்கும் வேலையை முளையின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ஆகவே மால்ட்டுக்கு 'முளைதானியம்' என்றே சொல்லலாம். கூட்டுச்சொல்லில் 'முளை' மட்டும் போதும்.

அடுத்தது எக்ஸ்ட்ராக்ட். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'டிராஹெரே' என்றால் இழுப்பது. வயலில் இழுக்கும் டிராக்டரும் இதே வேரில் பிறந்ததுதான். இங்கே இழுப்பது யார்? வெந்நீர். உடைத்த முளைதானியத்தைச் சுமார் 65 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் போல வைத்தால் நொதிகள் விழித்துக்கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. வடித்தெடுத்தால் கிடைக்கும் இனிப்பு நீரை வொர்ட் என்பார்கள். பீராகப்போகும் சாறு அதுதான். ஆலையில் இந்தச் சாற்றை, அழுத்தம் குறைந்த கலனில், அதிகம் சூடேற்றாமல் சுண்டவைக்கிறார்கள். திறந்த சட்டியில் வைத்துக் காய்ச்சினால் நிறம் கருத்துச் சுவையும் மாறிவிடும்.

அப்படிச் சுண்டியபின் நூற்றுக்கு 80 பங்கு திடப்பொருளும் 20 பங்கு நீருமாக நிற்கிறது. தேனைவிடக் கெட்டி. இதற்குச் 'சாறு' என்ற சொல் எப்படிப் பொருந்தும்? 'வடிசாறு', 'பிழிவு' எல்லாம் நீர்த்த பொருளைத்தான் கண்முன் கொண்டுவருகின்றன. சுண்டிய இனிப்புக்குத் தமிழில் கேட்காமலே ஒரு சொல் இருக்கிறது: பாகு. முளைப்பாகு என்றால் என்ன பொருள், எப்படி இருக்கும், கையில் ஒட்டுமா என்பதெல்லாம் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இதே சாற்றைத் தெளித்து உலர்த்திப் பொடியாகவும் விற்கிறார்கள். அதை 'முளைமாவு' என்று சொல்லிவிடக்கூடாது. முளைமாவு என்பது முளைதானியத்தை அப்படியே அரைத்தது. ரொட்டி சுடுகிறவர்கள் பயன்படுத்துவது. அதில் மாவுச்சத்து மாவுச்சத்தாகவே இருக்கும், கொதிக்கவிட்டால் கஞ்சிதான் மிஞ்சும். பீருக்கு வேண்டியது சாறு உலர்ந்த பொடி. 'முளைச்சாற்றுப் பொடி' என்பது கொஞ்சம் நீளம், ஆனால் தப்பான பையை வாங்கிவிட்டு விழிப்பதற்கு இது மேல்.

கிட் என்ற சொல்லின் கதை இன்னும் சுவாரஸ்யம். இடைக்கால டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது, பட்டை கட்டிய மரத்தொட்டியைத்தான் அது குறித்தது. பிறகு சிப்பாயின் மூட்டைக்கு ஆகி, அப்புறம் ஒரு வேலைக்குத் தேவையான எல்லாம் அடங்கிய தொகுப்புக்கு ஆனது. மரத்தொட்டியாகப் பிறந்த சொல், பல சுற்றுச் சுற்றி மறுபடி பீரிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

பீர் கிட்டுக்குள் இருப்பது பொதுவாக 1.7 கிலோ அளவில் ஒரு டப்பா முளைப்பாகு, மூடிக்கு அடியில் ஒரு சிறு பொட்டலம் ஈஸ்ட். இந்தப் பாகில் ஏற்கெனவே ஹாப் பூவின் கசப்பு சேர்க்கப்பட்டிருக்கும். படிநிலை மாற்றம் என்று எல்லாரும் பேசுவது இந்த ஒரே ஒரு வேறுபாட்டைத்தான். எனவே கிட்டில் இருப்பதை 'ஹாப் சேர்த்த முளைப்பாகு' என்றும், அடுத்த கட்டத்தில் வாங்குவதை 'வெறும் முளைப்பாகு' என்றும் சொன்னால் போதும். பயம் போய்விடும். கசப்பை இனி நாமே போட வேண்டும், வேறொன்றுமில்லை.

அந்தக் கசப்புக்குத்தான் கொதி. ஹாப்பில் இருக்கும் ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும் சாற்றில் வடிவம் மாறினால்தான் நன்றாகக் கரைந்து கசக்கும். அதற்கு வழக்கமாக 60 நிமிடம் கொடுப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்த ஒரு மணி நேரம் பாகுக்கென்று நினைத்துக்கொள்கிறார்கள். பாகு ஏற்கெனவே வெந்தது. உண்மையில் அதிக நேரம் கொதித்தால் நிறம்தான் ஏறும். அதனால் சிறிய பானை வைத்திருப்பவர்கள் பாதிப் பாகை முதலிலும் மீதியைக் கடைசிப் பத்து நிமிடத்திலும் சேர்ப்பது நல்ல பழக்கம்.

கிட்டிலிருந்து தாவாமல் மெல்ல நகர்கிற வழியும் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. கிட் செய்முறையில் வழக்கமாக 1 கிலோ சர்க்கரை சேர்த்து 23 லிட்டர் ஆக்கச் சொல்வார்கள். அந்தச் சர்க்கரைக்குப் பதில் 1 கிலோ முளைச்சாற்றுப் பொடியைப் போட்டுப் பாருங்கள். சாற்றில் சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் அடர்த்திமானியில் தொடக்க அளவு இரண்டிலும் 1.038, 1.039 என்று ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும். வேறுபாடு கடைசியில் தெரியும். சர்க்கரையை ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும், பீர் தண்ணீராக ஓடும். முளைச்சாற்றில் ஈஸ்டால் தின்ன முடியாத சர்க்கரைகளும் உண்டு. நாக்கில் கனம் நிற்பது அவற்றால்தான். இது பிடித்துப்போனால், அடுத்த முறை முழுவதும் வெறும் முளைப்பாகிலேயே செய்யலாம். அதே 23 லிட்டருக்கு 3 கிலோ பாகு, அல்லது 2.4 கிலோ பொடி. பாகில் நீர் இருப்பதால்தான் இந்த எடை வேறுபாடு. பாகு போடச் சொன்ன இடத்தில் பொடி போட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பீர் தயாரிக்க அவரவர் நாட்டில் அனுமதி உண்டா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

பொடியை ஆவி பறக்கும் பானைமேல் நேராகக் கொட்டவும் கூடாது. நான் ஒருமுறை கொட்டினேன். பை வாயிலேயே ஆவி பட்டுப் பாதிப் பொடி கல்லாக இறுகி, கரண்டி, விரல், அடுப்பு மேடை எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. முதலில் குளிர்ந்த நீரில் கரைத்துக்கொண்டால் இந்த வம்பு இல்லை. பாகின் குணம் வேறு. அது நேரே அடிக்குப் போய்ப் படிந்து தீயும், ஆகவே அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றிக் கிளறி, கரைந்தபின் மறுபடி ஏற்ற வேண்டும். டப்பா பழையதா என்றும் பாருங்கள். நாள்பட்ட பாகு தானாகவே கருக்கும், வெளிர்நிற பீருக்கு அது உதவாது. அப்படியே லேபிளில் ஹாப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. இருந்தால், நீங்கள் கையில் வைத்திருப்பது மறுபடியும் கிட் டப்பாதான்.