‘துல்லியக் குண்டு’ என்றால் எது துல்லியம்?

“துல்லியத் தாக்குதல்” என்று செய்தியில் கேட்டதும், நினைத்த ஆளை மட்டும் அடித்துவிட்டுப் பக்கத்து வீட்டைத் தொடாமல் விடும் ஒரு குண்டு நம் மனதில் வந்துவிடுகிறது. ஆயுதப் பொறியாளர்களின் அகராதியில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது. குறித்த புள்ளிக்கும் குண்டு விழுந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதைத்தான் அவர்கள் அளக்கிறார்கள்.

இலக்கை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். வீசிய குண்டுகளில் பாதி அதற்குள் விழுந்தால், அந்த வட்டத்தின் ஆரம்தான் அந்தக் குண்டின் துல்லிய அளவு. 5 மீட்டர் என்று சொன்னால், மற்ற பாதி 5 மீட்டருக்கு வெளியே விழும் என்றும் அர்த்தம். எவ்வளவு வெளியே என்பதை அந்த எண் சொல்லாது.

சரி, குண்டு எப்படி வழி கண்டுபிடிக்கிறது? ஒரு வழி லேசர் முறை. விமானத்திலோ தரையிலோ இருக்கும் ஒருவர் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை இலக்கின் மேல் பாய்ச்சுகிறார். அது அங்கே பட்டுச் சிதறுகிறது. குண்டின் மூக்கில் உள்ள உணரி, ரொட்டியை நான்காக வெட்டியதுபோல் நான்கு பாகமாக இருக்கும். எந்தத் துண்டில் ஒளி அதிகம் விழுகிறது என்பதை வைத்து இலக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். உடனே சிறு துடுப்புகள் அந்தப் பக்கம் திருப்பும். நான்கிலும் ஒளி சமமாகும் வரை இந்தத் திருத்தம் நடந்துகொண்டே இருக்கும். வியட்நாம் போரில் 1965 முதல் நூற்றுக்கணக்கான முறை பறந்து தாக்கியும் விழாத ‘தான் ஹோவா’ என்ற பாலத்தை, 1972 மே மாதம் அமெரிக்கா இந்த லேசர் குண்டுகளால்தான் வீழ்த்தியது. ஆனால் மேகமோ புகையோ புழுதியோ குறுக்கே வந்தால் இந்தக் கண் குருடு.

1991 வளைகுடாப் போரில் அந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் ஜேடாம். இது தனிக் குண்டு அல்ல. பழைய சாதாரணக் குண்டின் வாலில் மாட்டும் கருவி. இதில் எஞ்சின் இல்லை, கீழே விழும் வேகம்தான் சக்தி. வீசுவதற்கு முன் விமானம் அதற்கு இலக்கின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றைக் கொடுத்துவிடும். அப்புறம் ஜிபிஎஸ் உதவியோடு வால் துடுப்புகள் அந்த எண்களை நோக்கிக் குண்டைத் திருப்பிக்கொண்டே போகும். இலக்கு எப்படி இருக்கும் என்று ஜேடாமுக்குத் தெரியாது. அதற்கு எண்கள் மட்டுமே தெரியும்.

வாலை மாற்றினாலும் உள்ளே இருக்கும் வெடிமருந்து அதேதான். மார்க் 84 என்ற குண்டின் எடை சுமார் 900 கிலோ. அதில் 400 கிலோவுக்கு மேல் வெடிமருந்து. விழுவது 5 மீட்டருக்குள் என்றாலும், அதன் சில்லுகள் பறப்பது நூற்றுக்கணக்கான மீட்டர். தெருவும் வீடும் நெருங்கிய ஊரில் இந்த இரண்டாவது தூரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. செய்திகளில் அதை யாரும் சொல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

1999 மே 7 இரவு, யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில் அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று ஐந்து ஜேடாம் குண்டுகளை வீசியது. யூகோஸ்லாவிய அரசின் ஆயுதக் கொள்முதல் அலுவலகமே குறி என்றது அமெரிக்கா. அந்த அலுவலகத்தின் முகவரி சரியாகத்தான் கையில் இருந்தது. ஆனால் பக்கத்துத் தெருக்களின் கதவு எண்களை வைத்து, வரைபடத்தில் அது எந்தக் கட்டடம் என்று கணித்த இடத்தில் பிழை. சரிபார்க்க வேண்டிய தரவுத்தளங்களிலோ, இடம் மாறியிருந்த சீனத் தூதரகம் பழைய இடத்திலேயே இருப்பதாகக் காட்டப்பட்டிருந்தது. இது வெறும் பிழை என்ற விளக்கத்தைச் சீனா ஏற்கவில்லை.

குண்டுகள் தமக்குத் தரப்பட்ட எண்களை நோக்கித்தான் போயின. அங்கே இருந்தது சீனத் தூதரகம். உள்ளே இருந்த பத்திரிகையாளர்கள் மூவர் இறந்தார்கள்.