ஜெர்மானியருக்குச் சின்னச் சொல்தான் சிரமம்

எளிய ஆங்கிலம் எழுதச் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: லத்தீன் வழி வந்த நீளமான சொற்களை விட்டுவிட்டு, சின்னச் சொற்களாகப் போடுங்கள். படிப்பவர் லண்டன்காரர் என்றால் சரி. பள்ளியில் ஆங்கிலம் கற்ற ஜெர்மானியர் என்றால் இந்த அறிவுரை பல இடங்களில் அவர் காலை வாரிவிடும்.

'புட் அப் வித்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே ஆரம்பப் பாடத்தில் வருகிற சொற்கள், ஆனால் சேர்ந்து நிற்கும்போது வருகிற 'பொறுத்துக்கொள்வது' என்ற பொருள் அவற்றில் எதிலுமே இல்லை, அதைத் தனியாக மனப்பாடம் செய்திருக்க வேண்டும். 'டாலரேட்' என்று எழுதினால் அந்த வாசகர் தடுமாறவே மாட்டார், அவர் மொழியிலேயே 'டோலரீரென்' இருக்கிறது. அப்படித்தான் 'கட் டவுன் ஆன்' வேண்டாம், 'ரெட்யூஸ்' போதும். அங்கே 'ரெடுட்சீரென்' உண்டு. இரண்டு மொழி தெரிந்தவர் படிக்கும்போது மூளை ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மட்டும் ஓட்டுவதில்லை, இரண்டின் சொற்களும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன, அதனால் வடிவமும் பொருளும் ஒத்துப்போகிற சொல் சட்டென்று பிடிபடுகிறது. மொழி உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுகிற விளைவு இது.

1930-இல் ஆங்கிலேய மொழியியலாளர் சி. கே. ஆக்டன் வெளியிட்ட 'பேசிக் இங்கிலீஷ்' என்ற எளிமையாக்கிய ஆங்கிலம் 850 சொற்களில் அடங்கியது. வினைச்சொற்களை ஏறக்குறைய ஒழித்துவிட்டு, கெட், புட், டேக் போன்ற சிலவற்றோடு அப், ஆஃப், அவுட் சேர்த்தே எல்லாவற்றையும் சொல்ல வைத்தார். பட்டியல் சுருங்கியது உண்மை, ஆனால் பாரம் அந்தச் சேர்க்கைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஓர் ஆங்கில உரை படிக்க எவ்வளவு எளிது என்று அளக்க 1948-இல் வந்த ஃப்ளெஷ் அளவுகோலிலும் இதே கோளாறுதான். அது வாக்கிய நீளத்தையும் ஒரு சொல்லுக்கு எத்தனை அசை என்பதையும் மட்டுமே கணக்கிடுகிறது, ஆகவே 'டாலரேட்' கடினம், 'புட் அப் வித்' எளிது என்று மதிப்பெண் போடும்.

ஒத்த வடிவம் சில இடங்களில் ஏமாற்றவும் செய்யும். ஆங்கில 'இவென்சுவலி' என்றால் 'கடைசியில்'. ஜெர்மன் 'எவென்டுவெல்' என்றால் 'ஒருவேளை'. கம்பெனி கடைசியில் பணம் கொடுத்துவிடும் என்று நீங்கள் எழுதியதை அவர் 'கொடுத்தாலும் கொடுக்கும்' என்று படித்துவிட்டுப் போய்விடுவார். தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவார், தெரிந்ததாக நினைக்கிற சொல்லுக்கு யார் புரட்டப் போகிறார்கள்? 'பில்லியன்' இன்னும் மோசம், ஆங்கிலத்தில் 100 கோடி, ஜெர்மனில் லட்சம் கோடி. அங்கெல்லாம் இலக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது, அப்போதும் 1.500 என்பது ஜெர்மனியில் ஆயிரத்து ஐந்நூறு என்பது நினைவிருக்கட்டும்.

அப்புறம் வாக்கியம். நீளத்தைப் பார்த்து ரொம்பப் பயப்பட வேண்டாம், வினைச்சொல்லுக்காகக் கடைசிவரை காத்திருந்து படித்துப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் 'தி ரிப்போர்ட் தி பேங்க் சென்ட்' என்று எழுதினால் திணறுவார்கள், ஏனென்றால் ஜெர்மனில் அந்த இடத்தில் காற்புள்ளியும் வரவேண்டும், இணைப்புச் சொல்லும் வரவேண்டும், இரண்டையும் விடவே முடியாது. ஆங்கில எடிட்டர்கள் வீண் என்று அடித்துவிடுகிற 'தட்' இவர்களுக்கு அவசியம் வேண்டும்: 'தி ரிப்போர்ட் தட் தி பேங்க் சென்ட்'.