'ஆவி வைப்பு' அல்ல, ஆவிப் படிவு

வாயுவை உடைத்து அதிலுள்ள பொருளை ஒரு பரப்பில் சேர்க்கும் முறையை (கெமிக்கல் வேப்பர் டெபொசிஷன்) 'இரசாயன ஆவி வைப்பு' என்று இன்னும் எத்தனை பேர் எழுதப் போகிறார்கள்? உயர்தரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குறிப்புகளில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. திருகோணமலையில் வைப்பு என்றால் யாருக்கும் முதலில் வங்கிதான் ஞாபகம் வரும்.

மூலச்சொல் டெபொசிஷன், 'கீழே வைத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதன் குடும்பமே காசு போடுவதற்கும் சாட்சியம் சொல்வதற்கும் வண்டல் தங்குவதற்கும் ஓடும். தமிழில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, பிறகு ஏன் கலக்க வேண்டும்?

வைப்பு என்றால் ஒருவர் கொண்டுபோய் வைத்தது. காபன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாயான காபன் நனோ குழாய் விஷயத்தில் அப்படி யாரும் வைப்பதில்லை. 1998இல் ரென் என்ற ஆய்வாளரின் குழுவினர் நிக்கல் பூசிய கண்ணாடித் தட்டில், 666 பாகை செல்சியசுக்குக் கீழே, அசெற்றிலீனும் அமோனியாவும் கலந்த பிளாஸ்மாவில், அதாவது அயனாக்கிய வாயுவில், குழாய்களை நெட்டுக்குத்தாக வளர்த்தார்கள். வாயு உடைகிறது, அதிலுள்ள காபன் நிக்கல் துணிக்கையில் சேர்கிறது, அங்கிருந்து குழாயாக நீள்கிறது. தட்டுக்குச் செங்குத்தான மின்புலம்தான் குழாய்களை ஒரே திசையில் நிறுத்துகிறது. தூசி படிகிறது, கறை படிகிறது என்கிறோமே, வாயுவிலிருந்து ஒரு பொருள் பரப்பில் சேர்வதற்கும் அதே வினைதான் பொருத்தம்.

படிவு தானாக நடப்பது, இதை மனிதர் அல்லவா செய்கிறார் என்று ஒருவர் வாதாடினார். அதற்குத்தான் படிவித்தல் இருக்கிறது. புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலிலுள்ள இல்மனைட் கனியத்தைக் 'கனிய வைப்பு' என்கிறார்களே என்பது அடுத்த வாதம். அது அங்கே கிடக்கும் இருப்பைச் சொல்வது, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அலை அந்தக் கறுப்பு மணலைக் கரையில் சேர்த்த செயலுக்குப் பெயர் படிவுதான். அடையல் என்றும் எழுதலாமே என்றால், அது நீரில் கனத்தால் அடியில் தங்குவது, இங்கே ஒட்டாது.

பிளாஸ்மாவை மட்டும் அப்படியே விடுங்கள். அதைத் 'திரவவிழையம்' ஆக்கியவரும் உண்டு, அது குருதிக்குரிய சொல். 1928இல் லாங்மியூர் என்ற விஞ்ஞானி பெயரிட்டது அயனாக்கிய வாயுவை, அதில் திரவமே இல்லை. ஒரே திசையில் நிற்கும் குழாய்களைச் 'சீரமைத்த குழாய்' என்பதும் பிழை, பழுதான குழாயைத் திருத்தியது போலப் படுகிறது. நிரைப்பட்ட குழாய் என்றால் போதும். அகராதியில் முதலாவதாகக் கிடக்கும் சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்தத் தட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு பந்தியாவது வாசித்துவிட்டு எழுதட்டும்.