டேனிஷ் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

டென்மார்க்கில் ஆக்சிஜனுக்குப் பெயர் 'இல்ட்', ஹைட்ரஜனுக்கு 'பிரிண்ட்'. சுற்றியுள்ள மொழிகளோடு ஒட்டாத இந்தப் பெயர்களை உருவாக்கியவர், மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த அதே ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட்தான். 1814ல் லத்தீனில் எழுதிய ஒரு சிறு நூலில், ஜெர்மானியக் குடும்ப மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒரு சொல் தொகுதியை முன்வைத்தார். ஜெர்மனிக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. நிலைத்து நின்றது டேனிஷில்தான். டேனிஷ் வேதிப் பெயர்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவருக்குச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

நெருப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து இல்ட், எரிவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரிண்ட். பிரெஞ்சு வேதியியலாளர் லவோய்சியே வைத்த 'ஆக்சிஜன்' என்ற பெயரை விட இது நேர்மையானது என்பேன். அவருடைய பெயருக்கு 'அமிலத்தை உண்டாக்குவது' என்று அர்த்தம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது.

சரி, இவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது எப்படி? தனிமங்களுக்கு அகராதி போதும். சிக்கல் சேர்மங்களில்தான். 'குல்' என்றால் கரி, 'இல்டெ' என்றால் ஆக்ஸைடு. இரண்டும் சேர்ந்த 'குல்-இல்டெ' கார்பன் மோனாக்சைடு, ஆளைக் கொல்லும் வாயு. நடுவில் இரண்டைக் குறிக்கும் 'ட்வே' நுழைந்து 'குல்-ட்வே-இல்டெ' ஆனால் அது கார்பன் டை ஆக்சைடு, சோடாவில் பொங்குவது. பின்னது பழைய நூல்களில்தான் கிடைக்கும், முன்னது இன்றும் செய்திகளில் சாதாரணமாக வரும். சொல்லுக்குச் சொல் வைத்து 'கார்பன் ஆக்சைடு' என்று எழுதினால் எந்த வாயு என்பதே தெரியாது.

கந்தகத்தின் குடும்பம் இன்னும் வில்லங்கம். 'ஸ்வௌல்சூரெ' சல்ஃப்யூரிக் அமிலம். அதன் கடைசியில் 'லிங்' ஒட்டி 'ஸ்வௌல்சூர்லிங்' ஆனால் ஆக்சிஜன் அணு ஒன்று குறைந்த சல்ஃப்யூரஸ் அமிலம். 'ஸ்வௌல்பிரிண்டெ' அமிலப் பெயரே இல்லை, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. டேனிஷில் பின்னால் நிற்கும் ஹைட்ரஜன் ஆங்கிலத்தில் முன்னால் வந்துவிடுகிறது. ஸ்வீடிஷ் தெரிந்தவருக்கு இன்னொரு பொறி: டேனிஷில் அமிலத்தைக் குறிக்கும் 'சூரெ' அங்கே ஆக்சிஜன்! 'ஸ்பிரிடுஸ்' என்றால் சாராயம், ஆனால் வீட்டைத் துடைக்க வாங்கும் 'சால்மியாக்ஸ்பிரிடுஸ்' பாட்டிலில் சாராயம் ஒரு துளி இல்லை, தண்ணீரில் கரைந்த அம்மோனியாதான்.

அதனால் நல்ல மொழிபெயர்ப்பாளர் பெயரிலிருந்து பெயருக்குத் தாவ மாட்டார். முதலில் பொருளின் வேதி வாய்பாட்டைப் பிடிப்பார், அப்புறம் அதற்குரிய ஆங்கிலப் பெயரை எழுதுவார். வேதிப்பொருளோடு வரும் பாதுகாப்புத் தாள்களில் சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உலகம் முழுக்க ஒரே மாதிரி தரப்படும் அடையாள எண்) இருந்தால் வேலை இன்னும் சுலபம். 7664-93-9 என்றால் எந்த மொழித் தாளிலும் சல்ஃப்யூரிக் அமிலம்தான்.

யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைய டேனிஷ் வேதியியலாளர்கள் தங்கள் கட்டுரைகளில் ஆக்சிஜன், நைட்ரஜன் என்றே எழுதுகிறார்கள். விவசாயியும் பத்திரிகையும் நைட்ரஜனை 'க்வேல்ஸ்டோஃப்', அதாவது மூச்சுத்திணற வைக்கும் பொருள் என்கிறார்கள். வயலில் இட்ட அந்த நைட்ரஜன் கடலுக்கு வழிந்தோடுகிறது, பாசி பெருகிச் செத்து அழுகுகிறது, அதை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் அடிநீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மீன்களுக்கு நிஜமாகவே மூச்சுத்திணறல்! இதற்கு டேனிஷ் பெயர் 'இல்ட்ஸ்வின்'. ஆங்கிலத்தில் ஹைப்பாக்ஸியா எனலாம், ஆனால் ஆங்கிலம் நோயாளியின் உடலில் ஆக்சிஜன் குறைவதையும் அதே பெயரால்தான் சொல்கிறது. டேனிஷில் அதற்கு 'இல்ட்மாங்கெல்' என்று தனிச்சொல் உண்டு. எனவே கடல் பற்றிய அறிக்கை என்பதை ஆங்கில வாக்கியம் தெளிவாகக் காட்ட வேண்டும்.

பெயர்கள் எல்லாம் சரியாக அமைந்த பிறகும் எண்களை ஒரு முறை சரிபார்க்க வேண்டும். டேனிஷில் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி வரும். அங்கே 1,500 கிராம் என்பது ஒன்றரை கிராம். ஆங்கிலத் தாளில் அதை அப்படியே விட்டால் ஒன்றரை கிலோ.