ஒரு சிலந்தி புதிய சிற்றினமாவது எப்படி?

பினாங்கு கொடிமலைப் பாதையோரம் வெட்டிவிட்ட மண்சரிவைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பாசி படிந்த மண்ணில் ஐம்பது காசு நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் தெரிந்தால், அதன் விளிம்பிலிருந்து ஆறேழு மெல்லிய இழைகள் விரல் விரித்தாற்போல் வெளியே ஓடினால், அது ஒரு சிலந்தியின் வாசற்கதவு. இழையில் ஒரு பூச்சியின் கால் பட்டதும் கதவு தூக்கும், முன்கால்கள் பாயும், கதவு மூடும். நல்ல டார்ச் வெளிச்சம் இருந்தால்கூட நடந்தது என்னவென்று கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது.

உள்ளே இருப்பது லிபிஸ்டியஸ் என்ற பேரினம். மற்றப் பெரும்பாலான சிலந்திகளின் வயிறு வழவழவென்று பை போல இருக்கும். இதன் வயிற்றின் மேலே தகடுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். இழை சுரக்கும் குழல்களும் வால்முனையில் இல்லாமல் வயிற்றின் அடிப்பக்கம் நடுவில் இருக்கும். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்களில் காணப்படும் உடலமைப்பு இது.

இப்படி ஒன்று கிடைத்து, 'இதுவரை பார்த்த மாதிரி இல்லையே' என்று தோன்றினால் அடுத்து என்ன? பத்திரிகைகளில் 'காட்டில் புதிய சிலந்தி கண்டுபிடிப்பு' என்று வருவதைப் படித்தால் காட்டிலேயே வேலை முடிந்துவிட்டது போலிருக்கும். காட்டில் கிடைப்பது சந்தேகம் மட்டும்தான். அது பழைய சிற்றினம் எதுவும் அல்ல என்று நிரூபிப்பதில்தான் மாதங்களும் வருடங்களும் போகின்றன.

பினாங்கில் அந்த நிரூபணம் இன்னும் கடினம். லிபிஸ்டியஸ் பேரினத்தின் முதல் சிற்றினமே இந்தத் தீவிலிருந்து போனதுதான். 1849ல் டென்மார்க்கின் ஷியோட்டே அதற்கு 'டெசல்டார்' என்று பெயர் வைத்தார். ஆகவே பினாங்கில் யார் எந்த லிபிஸ்டியஸைப் பிடித்தாலும் முதல் கேள்வி, இது டெசல்டார்தானா என்பது. பத்துமலைக்கும் அதே கதி. தைப்பூசக் கூட்டம் ஏறும் 272 படிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இருட்டுக் குகையில் வாழும் சிலந்தியை 1923ல் ஆபிரகாம் என்பவர் விவரித்து, பத்துமலையின் பெயரையே ஒட்டி 'பாட்டுவென்சிஸ்' என்று அழைத்தார். பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றில் ஒன்று கிடைத்தால் அதனோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

முதலில் அனுமதி. மாநில வனத்துறையின் ஒப்புதல் வேண்டும். உயிரியல் வளங்களை அணுகுவது தொடர்பான 2017ஆம் ஆண்டுச் சட்டமும் 2020 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. இதைத் தாள்வேலை என்று ஒதுக்க முடியாது. சரவாக்கின் நீலக்கால் டாரண்டுலாவை 2019ல் விவரித்தபோது, மாதிரிகள் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனவை என்று பெரிய சர்ச்சை எழுந்தது. சிலந்தியின் அழகைவிட அந்தச் சர்ச்சையைத்தான் இன்றும் பேசுகிறார்கள்.

பிடிப்பதில் ஒரு சின்ன உத்தி உண்டு. கதவைத் திறந்ததும் மண்ணை நேராக வெட்டினால் வளை சரிந்துவிடும். பிறகு எது வளை, எது வெறும் மண் என்றே தெரியாது. மெல்லிய குச்சியை வளைக்குள் அடிவரை மெதுவாக விட்டு, அதையே வழிகாட்டியாக வைத்துப் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்ட வேண்டும். ஒரே சரிவில் இருப்பதை எல்லாம் தோண்டி எடுத்தால் அந்தக் கூட்டமே அழிந்துபோகலாம். தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது.

உயிரோடு இருக்கும்போதே படம் எடுங்கள். ஆல்கஹாலில் போட்டால் நிறம் வெளுக்கும். உருவத்தைப் பார்க்க 70 முதல் 80 விழுக்காடு எத்தனால் சரி. டிஎன்ஏ எடுக்க ஒரு காலை மட்டும் கழற்றி 95 விழுக்காட்டுக்கு மேலான எத்தனாலில் போட்டு உறைபெட்டியில் வைப்பது வழக்கம். முழு உடலையும் அவ்வளவு கடுமையான எத்தனாலில் போட்டால் தசை விறைத்து, காலை அசைத்தாலே ஒடியும். சிலந்தியின் உடலிலுள்ள நீர் கலந்து எத்தனால் நீர்த்துவிடும் என்பதால் ஓரிரு நாளில் மாற்றி ஊற்ற வேண்டும். இடம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டு குப்பிக்குள்ளேயே இருக்க வேண்டும், பென்சிலில். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்து, மறுவாரம் குப்பிக்குள் நீலத் தண்ணீரும் வெள்ளைத் தாளும்தான் மிஞ்சும். சீட்டில்லாத மாதிரிக்கு அறிவியல் மதிப்பு அநேகமாக இல்லை.

இனி நுண்நோக்கி. சிலந்திகளைப் பிரித்தறிய நிறமோ அளவோ பெரிதாக உதவாது. இனப்பெருக்க உறுப்புகளைத்தான் பார்க்க வேண்டும். ஆணின் வாய்க்கருகே 'பால்ப்' எனப்படும் இரண்டு சிறு கைகள் உண்டு. அவற்றின் நுனியில் விந்துவை ஏற்றிச் செலுத்தும் ஒரு குமிழ். அந்தக் குமிழின் வளைவு, ஊசிமுனை, பக்கத்துத் திட்டில் நிற்கும் முட்கள் எல்லாம் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். பெண்ணுக்கு வயிற்றின் அடியில் உள்ள இனப்பெருக்கப் பகுதியை நுண்ணிய ஊசியால் வெட்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தசையைக் கரைத்தால் உள்தகட்டின் வடிவம் தெரியும். அதிக நேரம் விட்டால் மெல்லிய பகுதிகள் கண்ணாடி போலாகிக் கண்ணுக்கே தெரியாது. குளோராசோல் பிளாக் சாயம் ஏற்றித்தான் மீட்க வேண்டியிருக்கும்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, வளர்ந்த சிலந்தியாக இருந்தால்தான் இந்த உறுப்புகள் முழுமையாக இருக்கும். குஞ்சை வைத்துப் புதுச் சிற்றினம் எழுதியவர்கள் முன்பு நிறைய உண்டு. பின்னால் வந்தவர்கள் இன்னும் அந்தச் சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது லிபிஸ்டியஸ் போன்ற பழமையான சிலந்திகளுக்கு உரியது. பெரும்பாலான சிலந்திகள் பருவமடைந்ததும் தோலுரிப்பதை நிறுத்திவிடும். லிபிஸ்டியஸ் பெண் அதற்குப் பிறகும் உரித்துக்கொண்டே இருக்கும், உள்தகட்டையும் சேர்த்து. ஒரே பெண்ணின் தகடு இந்த உரிப்பில் ஒரு மாதிரியும் அடுத்த உரிப்பில் சற்று வேறு மாதிரியும் இருக்கலாம். ஆகவே ஒரே ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு 'தகட்டின் விளிம்பு வேறு' என்று எழுதினால் விவரமறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். ஆண் வேண்டும். ஆணோ பருவமடைந்ததும் வளையை விட்டு அலைந்து சீக்கிரம் இறந்துவிடும். அரைகுறையாக வளர்ந்த ஆணைப் பிடித்துவந்து, ஈரமண் போட்ட டப்பாவில் வைத்து, சில்வண்டு கொடுத்து, கடைசித் தோலுரிப்புக்காகக் காத்திருப்பதுதான் நம்பகமான வழி. மண் காய்ந்தால் தோலுரிக்கும்போதே மாட்டிக்கொண்டு சாகும்.

டிஎன்ஏ இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். சிஓ1 என்ற மரபணுவில் 658 எழுத்துகளை வாசித்து ஒப்பிடுவது இப்போது சர்வசாதாரணம். ஆனால் வளைச் சிலந்திகள் பிறந்த சரிவை விட்டு அதிகம் நகராதவை. ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் இடையே இந்த மரபணு நிறையவே மாறியிருக்கும். அந்த வேறுபாட்டை மட்டும் நம்பினால் குன்றுக்கொரு சிற்றினம் பிறந்துவிடும். டிஎன்ஏ ஒரு சாட்சி. தீர்ப்புக்கு உறுப்புகளின் சாட்சியும் வேண்டும்.

ஒப்பிடும் கட்டத்தில்தான் பலர் சலித்துப்போகிறார்கள். பழைய பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி ஐரோப்பாவில் எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும். எத்தனால் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு. நேரில் போகவேண்டும், இல்லையேல் தெளிவான படம் கேட்டு வாங்கவேண்டும். மூலமாதிரி பெண்ணாக இருந்து கையிலிருப்பது ஆணாக இருந்தால் ஒப்பிடவே முடியாது. அப்போது அந்தப் பழைய சிற்றினம் முதலில் கிடைத்த அதே இடத்துக்குப் போய் இரண்டு பாலையும் பிடிக்க வேண்டும்.

இதெல்லாம் தாண்டினால் எழுதலாம். முதுகோட்டின் நீள அகலம், கண்களின் இடைவெளி, ஒவ்வொரு காலிலும் தொடை முதல் பாதம் வரையுள்ள கணுக்களின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். ஆனால் கட்டுரையின் உயிர் வேறுபாட்டுக் குறிப்புதான். 'பழுப்பு நிறம், ரோமம் நிறைந்தது' என்றால் எல்லாச் சிலந்திக்கும் பொருந்தும். 'இன்னதிலிருந்து, இந்த முள்ளின் வடிவால் வேறுபடுகிறது' என்று இருக்க வேண்டும். 1930க்குப் பிந்தைய எந்தப் பெயரும், வேறுபாட்டைச் சொற்களில் சொல்லாவிட்டாலோ ஏற்கெனவே வெளியான அத்தகைய விவரிப்பைச் சுட்டாவிட்டாலோ, விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி செல்லாது.

பெயர் வைப்பதில் சிலந்திக்கு ஒரு தனிச்சலுகை உண்டு. விலங்குகளின் பெயர்க்கணக்கு 1758ல், இருசொல் பெயர் முறையை வகுத்த லின்னேயஸிடமிருந்து தொடங்குகிறது. சிலந்திகளுக்கு மட்டும் 1757ல் சுவீடனின் கிளெர்க் எழுதியதும் செல்லும். தமிழ்ச் சொல்லையும் பெயராக வைக்கலாம், தடையில்லை. லத்தீன் எழுத்தில், மேலே கீழே புள்ளி, கோடு எதுவும் இல்லாமல் எழுத வேண்டும். நம் ழகரம் அங்கே படாதபாடு படும். நபரின் பெயர் என்றால் இலக்கணம் பார்க்க வேண்டும். 'மர்பியோரம்' என்று முடியும் லிபிஸ்டியஸ் ஒன்று மலேசியாவில் உண்டு. அந்த முடிவே, மர்பி என்ற பெயருடையவர் ஒன்றுக்கு மேற்பட்டோர் என்று காட்டிவிடும்.

முகநூலில் படம் போட்டாலோ நாளிதழில் செய்தி வந்தாலோ பெயர் பிறக்காது. முறையான ஆய்விதழில் வர வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் பதிவேட்டில் முன்பே பதிந்து, அதற்கான ஆதாரம் கட்டுரையிலேயே இருக்க வேண்டும். பிறகு பெர்ன் நகரிலுள்ள உலகச் சிலந்திப் பட்டியல் அதைச் சேர்க்கும். அந்தப் பட்டியல் 2022 ஏப்ரலில் 50,000ஐ எட்டியது. ஐம்பதாயிரமாவது, தென் பிரேசிலின் ஒரு தாவும் சிலந்தி.

எந்தச் சரிவு என்பதைக் கட்டுரையில் அட்சரேகை வரை எழுதலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. செல்லப்பிராணி வியாபாரிகளும் ஆய்விதழ் படிக்கிறார்கள். குகைச் சிலந்திகளுக்காவது துல்லியத்தைக் குறைத்து அச்சிட்டு, முழு விவரத்தை அருங்காட்சியகச் சீட்டில் மட்டும் வைப்பது நல்லது.

பெயரைத் தாங்கும் அந்த ஒற்றை மாதிரி பொது அருங்காட்சியகம் ஒன்றில் ஒப்படைக்கப்படும். நம் வட்டாரத்தில் சிங்கப்பூரின் லீ கோங் சியான் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் உண்டு. வழக்கமாகச் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். நம் வெப்பத்தில் மூடி தளர்ந்த குப்பியிலிருந்து எத்தனால் சீக்கிரம் ஆவியாகும். காய்ந்த சிலந்தி சுருங்கிவிட்டால் மறுபடி நனைத்தாலும் பழைய வடிவுக்கு முழுதாக வராது. யாராவது ஒருவர் குப்பிகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, குறைந்ததை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.