ஆக்சிஜன் 98 காட்டுகிறது, நாடித்துடிப்பைப் பார்த்தீர்களா?

பிள்ளைக்குக் கொரோனா என்றதும் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டுகிறோம். 98 என்று காட்டினால் வீடே நிம்மதியாகிறது. ஆனால் கொரோனாவால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நுரையீரலில் பெரிய கோளாறே இருக்காது. தளர்வது இதயமும் ரத்த ஓட்டமும்.

தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து, சளி இருமலெல்லாம் மறந்தே போன பிறகு, எதிர்ப்புச் சக்தி தறிகெட்டுப் பல உறுப்புகளை ஒரே நேரத்தில் தாக்கும். எம்.ஐ.எஸ்.சி. என்று பெயர். 2020 ஏப்ரலில் பிரிட்டன் மருத்துவர்கள் முதலில் எச்சரித்தார்கள். ஒமைக்ரானுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. குறைந்ததாலேயே சட்டென்று யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை என்பதுதான் மருத்துவர்களான எங்கள் கவலை. மூக்கில் எடுக்கும் பரிசோதனையும் அந்த நேரத்தில் 'தொற்று இல்லை' என்றே வரலாம்.

விடாத காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி, பீளை இல்லாமல் இரண்டு கண்ணும் சிவப்பது, உடம்பில் தடிப்பு, வெடித்துச் சிவந்த உதடு. மதுரைப் பக்கம் இவை ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு பேர் உண்டு. கண் சிவந்தால் மெட்ராஸ் ஐ. வயிறு வலித்தால் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி விடுவார்கள். தடித்தால் 'அம்மா போட்டிருக்கு' என்று வேப்பிலை வைத்து, மருந்தை நிறுத்திவிடுவார்கள். வேப்பிலை இருக்கட்டும், டாக்டரிடமும் காட்டுங்கள். ஒட்டுக்குடல் அழற்சி போலவே வலிப்பதால் மருத்துவர்களும் ஏமாறுவதுண்டு. மழைக்காலத்தில் டெங்குவும், சிறு பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் இதே முகத்தோடு வரும். அதனால் அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் அந்தப் பூச்சி கடித்த அடையாளமாகக் கருகிய சிறு புண் இருக்கிறதா என்று தேடுவதும் முக்கியம்.

ஆக்சிமீட்டரில் இரண்டாவதாக ஓர் எண் வரும், அதுதான் நாடித்துடிப்பு. பள்ளி செல்லும் வயதில் விழித்திருக்கும்போது அது ஏறத்தாழ 75 முதல் 118 வரை. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் 10 போலக் கூடும். காய்ச்சல் இறங்கி, அழாமல் படுத்திருக்கும்போதும் 130-ஐத் தாண்டியே நின்றால் காத்திருக்க வேண்டாம். கை ஜில்லென்றோ, விரலில் மருதாணியோ இருந்தால் கருவி தவறாகக் காட்டலாம். அப்போது நெஞ்செலும்பின் மேல் 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். 3 விநாடி ஆகிறது என்றால் ஆபத்து. உடம்பு கொதித்துக் கைகால் சில்லிடுவது, 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, எழுப்பினால் மந்தமாகப் பார்ப்பது எல்லாமே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்.

மருந்துக்கடையில் பிரித்துத் தரும் 'செட் மாத்திரை'யில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் காய்ச்சலை மறைத்து, நோயை இரண்டு நாள் ஒளித்துவைக்கும். வீட்டில் பாராசிட்டமால் மட்டும் போதும்: கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம்; 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மதுரைக்குக் கிளம்பும்போது பிள்ளையின் எடை, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், இரண்டு மாதத்துக்குள் வீட்டில் யாருக்காவது வந்த காய்ச்சல் ஆகியவற்றை எழுதி, மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள்.

அனுப்பிவைக்கும் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்த ஓட்டம் தளர்ந்த அதிர்ச்சி நிலை (ஷாக்) என்று சலைனை வேகமாக ஏற்றினால் தளர்ந்த இதயம் தாங்காது. கிலோவுக்கு 10 மில்லி கொடுத்து, கல்லீரல் பெருக்கிறதா, நெஞ்சில் நீர் சத்தம் கேட்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

மருத்துவமனையில் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்து, இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரத மருந்தைக் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் மெதுவாக ஏற்றுவோம். கூடவே ஸ்டீராய்டு. இங்கே அது அளந்து, கண்காணித்துக் கொடுப்பது. சரியான நேரத்தில் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனாலும் வீடு திரும்பிய பின் மறு எக்கோவைத் தவறவிடாதீர்கள்; இதய மருத்துவர் சொல்லும்வரை, வழக்கமாக 3 முதல் 6 மாதம், ஓட்டமும் கபடியும் வேண்டாம். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிள்ளைக்குத் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.